எழுத்தெண்ணிப் படித்தல்

"எழுத்தெண்ணிப் படித்தவன்" என்பது தமிழிலே ஒருவனுடைய கல்விக்கு வழங்கும் உயர்ந்த பாராட்டாகும். நூலின் கருத்தை மேலோட்டமாக அறிந்து அமையாது, அதன் ஓரெழுத்தையும் தப்பவிடாது கற்றவனையே அத்தொடர் சுட்டும். ஏட்டுச்சுவடிகளைப் பெயர்த்தெழுதிக் கற்ற காலத்திலே இப்பாராட்டு நேர்ப்பொருளிலேயே வழங்கியிருத்தல் கூடும். ஓரெழுத்துப் பிறழின் சொல் பிறழும். சொல் பிறழின் பொருள் பிறழும். அச்சுப்பொறி வந்தபின் எழுத்தெண்ணும் வழக்கம் அருகிற்று. தொடர் மட்டும் உவமையாய் எஞ்சி நின்றது. ஆயின், உயிரியல் என்னும் துறையிலே அவ்வழக்கம் இந்நாளில் மீண்டும் தலையெடுத்துள்ளது. அங்கே எண்ணப்படுவன ஓலையிற் கீறிய எழுத்துக்கள் அல்ல. உயிர்க்கலங்களின் அகத்தே அமைந்த எழுத்துக்கள். எண்ணுவோன் கையிலிருப்பது எழுத்தாணி அன்று. கணினியின் கட்டளை வரி. அக்கல்வி யாது, அதனைப் பயிலுமாறு எங்ஙனம், பயிலாது விடின் நேரும் இழப்பு யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

தெமட்டகொடைச் செய்தி

கொழும்பிலே புதுக்கடை நீதிமன்றங்களிலிருந்து இரண்டொரு கட்டைத் தூரத்திலே தெமட்டகொடை உள்ளது. 2021ஆம் ஆண்டு யூன் மாதத்திலே, அப்பகுதியிற் பெறப்பட்ட கொரோனா நோயாளர் சிலரின் மாதிரிகளில் டெல்ரா என்னும் திரிபு காணப்பட்டதென்று சிறீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வாளர் அறிவித்தனர். அச்செய்தியை நகரத்தார் அனைவரும் அச்சத்தோடு கேட்டனர். ஆனால், "இது டெல்ரா என்பதனை எவ்வாறு அறிந்தனர்?" என்று வினவியோர் சிலரே. நுணுக்குக்காட்டியிலே ஒரு திரிபும் மற்றொரு திரிபும் ஒன்றுபோலவே தோன்றும். காய்ச்சலையும் இருமலையும் கொண்டு இன்ன திரிபென்று துணிதலும் இயலாது. வேறுபாடு எழுத்திலேயே இருந்தது.

உயிர்களின் மரபுப்பொருளாகிய டீ.என்.ஏ. என்பது நான்கு மூலங்களின் நீண்ட கோவை. அடினின், சைற்றோசின், குவானின், தைமின் என்பன அவற்றின் பெயர்கள். அறிவியலார் அவற்றை ஏ, சி, ஜி, ரி என நான்கெழுத்தாற் குறிப்பர். கொரோனா வைரசின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஆதலின் தைமினுக்கு ஈடாக யூராசில் அங்கே நிற்கும். எனினும் ஏட்டில் எழுதுங்கால் வசதி கருதி அதனையும் ரி என்றே எழுதுதல் மரபாயிற்று. இவ்வெழுத்துக்கள் மும்மூன்றாய்ச் சேர்ந்து சொற்களாகும். ஒவ்வொரு சொல்லும் புரதம் என்னும் மாலையிலே கோக்கப்படும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிடப்பட்ட கொரோனா வைரசின் மூலத்தொடரிலே 29,903 எழுத்துக்கள் உள்ளன. டெல்ராத் திரிபிலே, 22,917ஆம் இடத்தில் நின்ற ரி என்னும் எழுத்து ஜி என மாறியுள்ளது. அதனால் சி-ரி-ஜி என்ற சொல் சி-ஜி-ஜி எனத் திரிந்து, லியூசின் என்னும் அமிலம் நிற்கவேண்டிய இடத்தில் ஆர்ஜினின் வந்து நிற்கின்றது. 23,604ஆம் இடத்திலே சி என்பது ஜி ஆயிற்று. இவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு டெல்ரா எனத் துணிதல் தவறாகும். முதலிற் சொல்லிய மாற்றம் வேறு சில திரிபுகளிலும் உண்டு. பல மாற்றங்கள் ஒருங்கே அமைந்திருத்தலே அதன் அடையாளம். ஆகவே, ஏறத்தாழ முப்பதினாயிரம் எழுத்துக்களை முதலிலிருந்து முடிவுவரை மூலத்தோடு ஒப்புநோக்கினாலன்றி அவ்வறிவிப்பு வெளிவந்திராது.

ஓரெழுத்தின் வலிமை வைரசோடு நின்றுவிடுவதன்று. மனிதரின் குருதியிலே உயிர்வளியைச் சுமக்கும் ஈமோகுளோபின் என்னும் புரதத்தின் பீற்றாச் சங்கிலியில், 26ஆம் சொல் ஜி-ஏ-ஜி என்பதாகும். அதன் முதலெழுத்து ஏ எனத் திரியின் ஏ-ஏ-ஜி ஆகும்; குளூற்றாமிக் அமிலத்தின் இடத்தை லைசின் பெறும். அதுவே ஈமோகுளோபின் ஈ எனப்படுவது. இலங்கையிற் பலரிடத்து இஃது உண்டு. தாயிடமிருந்து இத்திரிபையும் தந்தையிடமிருந்து பீற்றாத் தலசீமியாவுக்குரிய வேறொரு திரிபையும் பெற்ற பிள்ளைக்குக் கடுமையான குருதிச்சோகை நேரலாம்; வாழ்நாள் முழுதும் பிறர் குருதியை ஏற்கவேண்டிய நிலையும் வரலாம். ஓரெழுத்து ஒரு குடும்பத்தின் வாழ்வையே மாற்றவல்லது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஏட்டின் பெருக்கம்

எழுத்து நான்கே எனின், அவற்றை எண்ணுதற்கு ஒரு தனிக்கல்வி எதற்கு என்று மாணவன் வினவலாம். விடை அளவிலே உள்ளது. ஒரு பக்கத்திற்கு 3,000 எழுத்தாக அச்சிடின் கொரோனா வைரசின் தொடர் பத்துப் பக்கத்தில் அடங்கும். மனிதனின் மரபுத்தொடரோ ஏறத்தாழ 300 கோடி எழுத்துடையது. அதனை அவ்வாறே அச்சிடின் பத்து இலட்சம் பக்கமாகும். ஐந்நூறு பக்கம் கொண்ட நூல்கள் இரண்டாயிரம் வேண்டும். நொடிக்கு ஓரெழுத்தாக உண்ணாது உறங்காது படிப்பவனுக்குத் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் செல்லும். ஒருவனுடைய ஏட்டை ஒருமுறை படிக்கவே ஓர் ஆயுள் போதாதெனின், நூறு பேரின் ஏடுகளை ஒப்புநோக்குதல் எங்ஙனம் கூடும்?

இன்னும் ஓர் இடர்ப்பாடு உண்டு. தொடரறியும் பொறிகள் பல, ஏட்டை முழுமையாக வாசித்துத் தருவதில்லை. கறையான் அரித்த சுவடியைப் போலச் சிறுசிறு துண்டுகளாகவே தருகின்றன. அத்துண்டுகள் இலட்சக்கணக்கின, ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவன, ஆங்காங்கே பிழையும் உடையன. ஒவ்வொரு துண்டிற்கும் நான்கு வரிகள் எழுதப்படும். முதல் வரி அதன் பெயர்; இரண்டாவது எழுத்துக்கள்; மூன்றாவது பிரிப்புக்குறி; நான்காவது ஒவ்வோர் எழுத்தையும் எவ்வளவு நம்பலாம் என்பதன் அளவு. இத்தகைய கோப்பொன்றைக் கடிதம் எழுதும் மென்பொருளிலே திறக்க முயன்றால் கணினி திணறி நிற்கும். அட்டவணை மென்பொருளும் பயன்படாது. அதிற் கொள்ளக்கூடிய வரிகளுக்கு எல்லையுண்டு.

அட்டவணை மென்பொருளால் விளைந்த வேறொரு கேடும் அறியத்தக்கது. மார்ச்சு-1, செப்ற்-2 என்றாற்போலப் பெயர்கொண்ட மரபணுக்கள் இருந்தன. அப்பெயர்களை அட்டவணையில் இட்டவுடன், மென்பொருள் அவற்றை மாதமும் தேதியுமாகக் கொண்டு தானே மாற்றிவிட்டது. 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, அத்தகைய மரபணுப் பட்டியல்களை அட்டவணைக் கோப்பாக இணைத்து வெளியிட்ட கட்டுரைகளிலே ஏறத்தாழ ஐந்திலொன்றில் இப்பிழை காணப்பட்டதெனக் கூறிற்று. ஈற்றிலே 2020ஆம் ஆண்டு, மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவினர் மரபணுக்களின் பெயர்களையே மாற்ற நேர்ந்தது. கருவி மனிதனுக்கு அடங்காதவிடத்து மனிதனின் சொல் கருவிக்கு அடங்கவேண்டியதாயிற்று.

கட்டளை வரி

கணினியைப் பெரும்பாலோர் படங்களைத் தொட்டும் சுட்டியால் அழுத்தியுமே ஆளுகின்றனர். அதற்கு முந்தியதும் இன்றும் வழக்கொழியாததுமான வேறொரு முறை உண்டு. கருந்திரையிலே ஒரு வரியைத் தட்டெழுத்தில் எழுதினால் கணினி அதன்படி செய்யும். செய்து முடித்ததும் அடுத்த வரிக்குக் காத்து நிற்கும். அதுவே கட்டளை வரியாகும். 1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டென்னிசு றிச்சி முதலியோர் உருவாக்கத் தொடங்கிய யுனிக்சு என்னும் இயங்குமுறையில் இது செழித்து வளர்ந்தது. 1991ஆம் ஆண்டில் தோன்றிய லினக்சு அவ்வழியிலே வந்தது, விலையின்றிக் கிடைப்பது. இக்காலத்து விண்டோசுக் கணினிகளிலும் லினக்சை உள்ளடக்கி இயக்குதல் கூடும்.

இக்கட்டளைகளின் சொற்கள் சிலவே. கிரெப் என்பது வேண்டிய எழுத்துக்கோவை உள்ள வரிகளைத் தெரிந்தெடுத்துத் தரும். டபிள்யூ-சி என்பது வரிகளையும் சொற்களையும் எழுத்துக்களையும் எண்ணும். கட் என்பது அட்டவணையின் வேண்டிய நிரலை மட்டும் அரிந்தெடுக்கும். சோர்ட் என்பது வரிகளை ஒழுங்குபடுத்தும். யூனிக் என்பது அடுத்தடுத்து வரும் ஒரே வகை வரிகளை ஒன்றாக்கும். கேட்டால் எத்தனை இருந்தன என்ற தொகையையும் சொல்லும். ஆங்கிலத்திலே வல்லமை இல்லாமை இக்கல்விக்குத் தடையென அஞ்சுவார் உளர். உண்மையில் இவை ஆங்கிலச் சொற்களும் அல்ல; அவற்றின் சிதைவுகளே. ஆங்கிலேயச் சிறுவனும் இவற்றைப் புதிதாகவே கற்கவேண்டும்.

இவற்றின் ஆற்றல் தனித்தனியே நிற்கும்போது சிறிது, சேரும்போது பெரிது. சேர்க்கும் உபாயத்தை, டக்ளசு மக்கில்றோய் என்பாரின் தூண்டுதலால், 1973ஆம் ஆண்டு யுனிக்சிலே அமைத்தனர். அது குழாய் எனப்படும். ஒரு கட்டளையின் விளைவை அடுத்த கட்டளையின் வாயிலே சேர்ப்பது அது. நம் அடுக்களைகளிலே இம்முறை பழையதே. நெல்லைக் குற்றியபின் சுளகிலே புடைப்பர், உமி நீங்கும். மாவாக்குவதாயின் இடித்து அரிதட்டிலே அரிப்பர், கப்பி நீங்கும். சோறாக்குவதாயின் அரிக்கன்சட்டியில் இட்டு அரிப்பர், கல் நீங்கும். ஒவ்வொரு கருவியும் ஒரு தொழிலே செய்யும். அதனைச் செவ்வனே செய்யும். எல்லாத் தொழிலையும் தானே செய்யும் கருவி ஒன்றை எவரும் தேடுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஆயிரம் நோயாளரின் வைரசுத் தொடர்களிலே கண்ட மாற்றங்கள் ஒரு கோப்பில் எழுதப்பட்டுள்ளன என்று கொள்க. வரிக்கு ஒரு மாற்றம். முதல் நிரலிலே மாதிரியின் எண், இரண்டாவதிலே மாற்றத்தின் பெயர். மிகுதியும் காணப்படும் மாற்றம் எது என்பது வினா. முதற்கண் கட் கொண்டு இரண்டாம் நிரலை அரிந்தெடுத்தல் வேண்டும். அதனைக் குழாயினூடே சோர்ட்டிற்கு அனுப்பினால் ஒரே பெயருள்ளவை அடுத்தடுத்து வரும். பின்னர் யூனிக் அவற்றை ஒன்றாக்கித் தொகை சொல்லும். ஈற்றிலே மீண்டும் சோர்ட்டை ஏவி, தொகையின்படி இறங்குவரிசையில் நிறுத்தினால் முதல் வரியிலே விடை நிற்கும். சோர்ட்டை இடையிலே வையாது யூனிக்கை ஏவியவன் பிழையான தொகையையே பெறுவான். ஏனெனின் யூனிக் அடுத்தடுத்து நிற்பவற்றையன்றி வேறெதனையும் நோக்காது. ஆகவே, கட்டளையை மனனஞ் செய்தல் போதாது. ஒவ்வொரு கட்டத்திலும் கையிலிருப்பது யாது என்பதை மனக்கண்ணாற் காணல் வேண்டும்.

பேசாப் பிழைகள்

கட்டளை வரி கீழ்ப்படிவதிலே மிக வல்லது. எச்சரிப்பதிலே மிக வறியது. இதனை உணர்த்துதற்கு உயிரியல் மாணவர் பலர் பட்டறிந்த ஒரு பிழையே போதும். தொடர்களைச் சேமிக்கும் எளிய கோப்பு முறை பாசுற்றா எனப்படும்; 1980களில் எழுந்த ஒரு மென்பொருளின் பெயர் அதற்கு நிலைத்தது. அதிலே ஒவ்வொரு தொடரின் பெயர்வரியும் வலப்பக்கம் முனைகாட்டும் கோணக்குறி ஒன்றோடு தொடங்கும். கோப்பிலே எத்தனை தொடர்கள் உள என்று அறிய, அக்கோணக்குறியுள்ள வரிகளை எண்ணுமாறு கிரெப்பிற்குச் சொன்னாற் போதும். ஆனால், அதே கோணக்குறிக்குக் கட்டளை வரியிலே வேறொரு பொருளும் உண்டு: "விளைவை இக்கோப்பிலே எழுதுக" என்பதே அது. மாணவன் குறியை மேற்கோளுக்குள் இட மறந்தால், கணினி அதனைத் தேடவேண்டிய எழுத்தாகக் கொள்ளாது, எழுதுவதற்கான ஆணையாகவே கொள்ளும். எழுதுவதற்காகக் கோப்பைத் திறக்கும். திறந்தவுடன் அதிலுள்ளதை அழிக்கும். கிரெப் வேலையைத் தொடங்குமுன்னரே பல வார உழைப்பின் பயனான ஏடு வெற்றேடாகிவிடும். கேள்வியுமில்லை, மீட்சியுமில்லை.

இப்பிழையேனும் கண்ணுக்குத் தெரிவது. தெரியாத பிழைகள் இதனினும் கொடியன. பாசுற்றாக் கோப்பிலே நீண்ட தொடரை அறுபது எழுத்திற்கு ஒரு வரியாக மடித்தெழுதும் வழக்கமுண்டு. தேடும் எழுத்துக்கோவை ஒரு வரியின் ஈற்றிலே தொடங்கி அடுத்த வரியிலே முடியின், கிரெப் அதனைக் காணாது. ஒரே வரியில் அக்கோவை மூன்றுமுறை வரின், வரியை எண்ணும் கட்டளை அதனை ஒன்றென்றே எண்ணும். இன்னும், டீ.என்.ஏ. இரட்டை இழையாதலின், தேடும் பகுதி எதிரிழையில் இருத்தல் கூடும். அப்போது எழுத்துக்களை ஈடுமாற்றி வலமிருந்து இடமாகத் தேடினாலன்றி அகப்படாது. "காணவில்லை" என்பது வேறு. "இல்லை" என்பது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாதவன் கையிலே விரைந்த கருவியைக் கொடுத்தல், பிழையை விரைவுபடுத்துதலேயாகும்.

சுவடியும் தொடரும்

எண்ணுதலுக்கு அடுத்த படி ஒப்புநோக்கல். இங்கே தமிழ் மாணவனுக்கு ஒரு முன்னுரிமை உண்டு. ஏனெனின், அவன் மூதாதையர் இத்தொழிலை ஓலையிலே செய்தவர். சிறுப்பிட்டியிலே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) 1887ஆம் ஆண்டு கலித்தொகையை அச்சேற்றினார். அத்தகைய பதிப்புக்களுக்குப் பல பிரதிகளைத் தேடி, வரிக்கு வரி ஒப்புநோக்கி, பாடபேதங்களை ஆராய்ந்து, மூலபாடம் இதுவெனத் துணிதல் வேண்டும். உயிர்த்தொடரை ஒப்புநோக்குவோர் செய்வதும் அதுவே.

ஒப்புநோக்குதலிலே முதல் இடர் விடுபட்ட எழுத்தால் வருவது. "திருகோணமலை" என்ற சொல்லை ஒரு பிரதிகாரர் "கோ" விடுபடத் "திருணமலை" என எழுதிவிட்டார் என்க. இரண்டையும் முதலிலிருந்து இடத்திற்கு இடம் ஒப்பிட்டால், "தி", "ரு" ஆகிய இரண்டும் பொருந்தும். அப்பால் ஓரெழுத்தும் பொருந்தாது. ஆயின், விடுபட்ட இடத்திலே ஒரு வெற்றிடம் விட்டு எழுதினால் ஐந்தெழுத்தும் நேராக நிற்கும். பிழை ஒன்றே என்பது வெளியாகும். எங்கே வெற்றிடம் விடின் ஒப்புமை மிகும் என்று கண்டறியும் கணக்குமுறையை நீடில்மன், வுன்சு என்னும் இருவர் 1970ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தொடர் முழுமைக்குமன்றி ஒத்த பகுதிகளை மட்டும் காணும் முறையைச் சுமித், வாற்றர்மன் என்போர் 1981இல் தந்தனர். பெருந்தொகுதியிலே விரைந்து தேடும் பிளாசுற் என்னும் மென்பொருள் 1990இல் வந்தது. இவை யாவற்றையும் கட்டளை வரியிலிருந்து இன்று ஏவலாம்.

பாடபேதம் பிரதிகளின் உறவையும் காட்டும். இரண்டு பிரதிகளிலே ஒரே இடத்தில் ஒரே வழு காணப்படின், இரண்டும் ஒரே தாய்ப்பிரதியிலிருந்து வந்தன என்று ஊகித்தல் தகும். வைரசுகளின் குலமுறை வகுப்போர் கொள்ளும் நியாயமும் அதுவே. இவ்வொற்றுமை வெறும் உவமை அன்று. 1998ஆம் ஆண்டு நேச்சர் என்னும் ஆய்விதழிலே, ஆங்கிலப் புலவர் சோசரின் கன்ரபெரிக் கதைகளில் ஒரு பகுதிக்குரிய 58 கையெழுத்துப் பிரதிகளை, உயிரியலாரின் குலமுறை மென்பொருளைக் கொண்டே சிலர் வகைப்படுத்திக் காட்டினர். சுவடி கற்றவன் உயிரியலுக்கும், உயிரியல் கற்றவன் சுவடிக்கும் உதவுதல் கூடும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நூற்றிருவர் ஏடு

இக்கல்வி தமிழருக்கு நேரே பயன்படும் இடமொன்று உண்டு. உலக மக்களின் மரபுத்தொடர் வேறுபாடுகளைத் தொகுக்கும் நோக்கத்தோடு 2008ஆம் ஆண்டிலே "ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம்" தொடங்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த அதன் நிறைவு அறிக்கையில் 26 மக்கட்குழுவினரைச் சேர்ந்த 2,504 பேரின் தொடர்கள் இடம்பெற்றன. அக்குழுக்களுள் ஒன்று "ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர்" என்பது. அவருள் 102 பேரின் தொடர்கள் அத்தொகுதியில் உள. பெயரோ மருத்துவக் குறிப்போ அவற்றோடு சேர்க்கப்படவில்லை. இணைய வசதியுள்ள எவரும் அனுமதியோ கட்டணமோ இன்றி அவ்வேடுகளைப் பெறலாம்.

அவற்றிலிருந்து அறியத்தக்கது யாது? மாரடைப்பு வந்தோர்க்கும் இருதயக் குழாயில் வலைக்குழல் பொருத்தப்பெற்றோர்க்கும் குருதி உறையாதிருக்கக் குளோபிடோகிரெல் என்னும் மாத்திரை கொடுக்கப்படுவதுண்டு. அம்மருந்து உட்கொண்டவாறே தொழிற்படுவதன்று. ஈரலிலுள்ள ஒரு நொதியம் அதனை மாற்றியமைத்த பின்னரே பயன்தரும். அந்நொதியத்திற்குரிய மரபணுவில் ஜி நிற்கவேண்டிய ஓரிடத்தில் ஏ நிற்குமாயின் நொதியம் செயலிழக்கும். மருந்தின் பயனும் குறையும். இத்திட்டத்திற் சேர்ந்த தென்னாசியக் குழுக்களிலே இவ்வெழுத்து மாற்றம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மரபணுப் பிரதிகளிலே காணப்படுகின்றது. இலங்கைத் தமிழராகிய அந்நூற்றிருவரிடத்து அஃது எத்துணை என்று அறிய ஒரு மாணவன் விரும்பினால், அவனுக்கு வேண்டுவன முன்னர்க் கூறிய கட்டளைகளும், இவ்வகைக் கோப்புக்களைக் கையாளுதற்கென்றே எழுதப்பட்ட ஓரிரு இலவச மென்பொருள்களுமேயாம்.

அக்கோப்பிலே ஒவ்வொருவருக்கும் இரண்டு இலக்கங்கள் எழுதப்பட்டிருக்கும். தாய்வழிப் பிரதிக்கு ஒன்று, தந்தைவழிப் பிரதிக்கு ஒன்று. மூல எழுத்தே இருப்பின் சுழியம். மாறிய எழுத்திருப்பின் ஒன்று. நூற்றிருவரின் நிரல்களையும் பிரித்தெடுத்து, வரிக்கு ஒருவராக நிறுத்தி, சோர்ட்டிற்கும் யூனிக்கிற்கும் அனுப்பினால் எவ்வகையினர் எத்தனைபேர் என்பது தோன்றும். இங்கும் ஒரு விழிப்பு வேண்டும். நூற்றிருவருக்கு மரபணுப் பிரதிகள் 204. இரண்டு பிரதியிலும் மாற்றமுடையவரை இரண்டாகவும், ஒன்றில் மட்டும் உடையவரை ஒன்றாகவும் எண்ணி, 204ஆற் பிரித்தல் வேண்டும். ஆட்களை எண்ணுதலும் பிரதிகளை எண்ணுதலும் ஒன்றல்ல. கணினி இவ்வேறுபாட்டைச் சொல்லித்தாராது. எண்ணச் சொன்னதையே எண்ணும்.

இவ்வெண்களிலிருந்து கொள்ளத்தகாத முடிபும் உண்டு. "தமிழரின் மரபணு" என்று ஒன்றைத் தனியே பிரித்தெடுத்துப் பெருமையோ சிறுமையோ பேசுதல் அறிவியல் ஆகாது. ஒவ்வொரு மனிதனின் தொடரும் ஒப்பீட்டுக்குரிய மூலத்தொடரிலிருந்து 41 முதல் 50 இலட்சம் இடங்களில் வேறுபடுகின்றதென்றும், அவ்வேறுபாடுகளிற் பெரும்பாலான பல குழுக்களுக்கும் பொதுவானவை என்றும் அத்திட்டமே காட்டிற்று. நூற்றிருவர் ஓரினம் முழுவதற்கும் பிரதிநிதிகள் ஆகார். மருந்தை மாற்றுவதும் மருத்துவர் செயலேயன்றி மாணவன் எண்ணிய எண்ணின் செயல் அன்று. எனினும், "எம்மவரிடத்து இம்மருந்து எவ்வாறு தொழிற்படும்?" என்ற வினாவை எழுப்புதற்கு அவ்வெண் இடந்தரும். வினாவை எழுப்புவோர் இல்லாதவிடத்து விடையும் வாராது. ஏடு பொதுவில் திறந்து கிடக்கின்றது. அதனைப் படிக்கும் எழுத்தறிவு எம்மிடத்து இல்லையாயின், எம்மைப் பற்றிய வினாக்களையும் பிறரே வினவுவர்; பிறருக்கு வேண்டிய வினாக்களே முதலில் வினவப்படும். இக்கல்வியைப் பயிலாமையால் வரும் இழப்பு இதுவேயாகும்.

பயிலும் முறை

இக்கல்விக்குப் பெருஞ்செலவு வேண்டா. பழைய கணினியிலும் லினக்சு இயங்கும். தொடக்கத்திலே மனிதத் தொடரை நாடுதல் தகாது. பத்து வரியுள்ள ஒரு சிறு கோப்பைக் கையாலே எழுதிக்கொள்ளல் நன்று. கட்டளையை ஏவுமுன் விடை இன்னதாதல் வேண்டுமென்று கண்ணால் எண்ணித் தாளில் எழுதுக. பின்னர்க் கணினியின் விடையோடு ஒப்பிடுக. இரண்டும் ஒவ்வாதவிடத்துத் தான் கல்வி தொடங்குகின்றது. பத்து வரியில் நம்பிக்கை வந்தபின் கொரோனா வைரசின் 29,903 எழுத்துக்களை எடுத்துக்கொள்ளலாம். அதன்பின் பெரிய கோப்புக்கள் அச்சந் தாரா.

மூலக்கோப்பை எக்காலத்தும் திருத்தலாகாது. அதனைப் படிக்க மட்டும் இயலுமாறு பூட்டிவைத்து, பிரதியிலேயே தொழில் செய்தல் வேண்டும். உறுதியின் மூலத்தைப் பெட்டகத்தில் வைத்துப் பிரதியைக் கையாளுதல் புதுக்கடையிலே எவரும் அறிந்த வழக்கமன்றோ? அங்கே சான்றுப்பொருள் ஒன்றை நீதிமன்றம் ஏற்கவேண்டுமாயின், அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்ததென்ற தொடர்ச்சியும் காட்டப்படல் வேண்டும். ஆய்வுக்கும் அந்நியதியே பொருந்தும். சுட்டியால் அழுத்திப் பெற்ற விடைக்கு வந்தவழி எஞ்சுவதில்லை. கட்டளைகளையோ ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைக்கலாம். அதுவே ஆய்வின் பதிவேடாகும். அதனை மற்றொருவன் மறுநாளோ பத்தாண்டின் பின்னரோ மீண்டும் இயக்கி, அதே விடை வருகின்றதா என்று சோதிக்கலாம். கட்டளை வரியின் தலையாய சிறப்பு விரைவன்று, இச்சான்றுடைமையே.

வினாவைச் சொன்னால் கட்டளையை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளும் இந்நாளில் வந்துள்ளன. அவற்றின் துணையைத் தள்ளவேண்டுவதில்லை. ஆனால், மேற்கோளுக்குள் இடப்படாத கோணக்குறியையும், சோர்ட் இல்லாத யூனிக்கையும், ஆளுக்கும் பிரதிக்கும் உள்ள வேறுபாட்டையும் கண்டுபிடிக்கும் கண் கற்றவனிடத்தே இருத்தல் வேண்டும். பிறர் எழுதித்தந்த பத்திரத்தைப் படியாமற் கையொப்பமிடுவோன் நிலை யாதென்பதைப் புதுக்கடைக்குப் போய்வந்தோர் அறிவர்.

பாடசாலைகளிலே உயிரியல் ஒரு வகுப்பிலும் கணினிக் கல்வி வேறொரு வகுப்பிலும் தமிழ் மற்றொரு வகுப்பிலும் நிகழ்கின்றன. உயிர்த்தொடர்க் கல்வியிலே இம்மூன்றும் ஓரிடத்திற் கூடுகின்றன. வாரத்தில் ஒரு பாடவேளை, ஒரு பழைய கணினி, பத்து வரியுள்ள ஒரு கோப்பு ஆகியவற்றைக் கொண்டு எந்தக் கல்லூரியும் இதனைத் தொடங்கலாம். தாமோதரம்பிள்ளை காலத்திலே செல்லரித்த ஏடுகளை எடுத்துப் படிப்பார் இன்மையால் அழிந்த நூல்கள் பல. இன்றைய ஏடுகள் செல்லரிப்பன அல்ல. ஆயினும், படிப்பார் இல்லாத ஏடு இருந்தும் இல்லாததே. அவற்றை எழுத்தெண்ணிப் படிப்போர் இக்கல்லூரி மாணவருள்ளும் தோன்றுதல் வேண்டும்.